மேலயா, கீழயா என்று கேட்ட வீடு

ஓய்வு பெற்ற நர்சை மேடையேற்றினால் என்ன பேசுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தொண்டு, பொறுமை, புன்னகை. நானும் அதைத்தான் பேசினேன். போன வருடம் ஒரு நர்சிங் கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து உட்காரப் போகும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், நீங்க குடல் வார்டுலயும் இருந்திருக்கீங்க, மனநோய்ப் பிரிவுலயும் இருந்திருக்கீங்க. ரெண்டுல எது உங்களுக்குப் பயமா இருந்துச்சு?"

கேள்வி என்றால் இது கேள்வி. இரண்டும் சேர்ந்து குடியிருந்த ஒரு வீடுதான் பயமாக இருந்தது என்றேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிரியாணிக்கு முன்னால் என் பயம் எம்மாத்திரம்? "எழுதிக் கொடுங்கம்மா, ஆண்டு மலர்ல போட்டுடலாம்" என்றார் முதல்வர். மலரில் போடுகிற சங்கதியா இது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படித்தது, பயிற்சி எடுத்தது, விடுதியில் புளிச்சோறு தின்றது எல்லாம் எல்லா நர்சுக்கும் ஒன்றுதான். அதை விட்டுவிடலாம். என்னைப் போட்டது குடல் பரிசோதனை அறையில். முந்தின நாளே நோயாளிக்கு மருந்துத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொல்ல வேண்டும். டாக்டர் குழாயைச் செலுத்தும்போது அது உள்ளே சுருண்டுகொள்ளாமல் இருக்க, வெளியிலிருந்து வயிற்றை அழுத்திப் பிடிப்பது என் வேலை. ஒரு கை வயிற்றில், இன்னொரு கை நோயாளியின் தோளில், கண் திரையில். நல்ல குடல் ஈரமாகப் பளபளக்கும், மெல்லிய ரத்தக் குழாய்கள் இலை நரம்பு போலத் தெரியும். புண் பிடித்த குடலில் அந்த நரம்பெல்லாம் அழிந்துபோய், குழாய் பட்டாலே ரத்தம் கசியும். என் உள்ளங்கைக்குக் கீழே இருப்பதைத் திரையில் பார்ப்பது முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

என் கணவர் தவறிய பிறகு கலசப்பாக்கத்தில் தனி வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. சவ்வாது மலைக்கு வாரம் ஒரு தடவை மனநோய் மருத்துவக் குழு ஒன்று ஜீப்பில் போய்வந்தது. அதற்கு நர்சு வேண்டும் என்றார்கள். போளூர் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்காத ஒரே நர்சு நான்தான் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

குழுவின் தலைவர் டாக்டர் தயாளன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தை நாளில்தான் எங்கள் முகாம். போனவுடன் அவருக்கு ஒரு கிளாஸ் டீ வரும். அவர் அதைக் குடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, கை சூடான பிறகு மேசையில் வைத்துவிடுவார். அந்தச் சூடான கையால், வருகிற மனநோயாளி ஒவ்வொருவரின் வயிற்றையும் முதலில் தொட்டுப் பார்ப்பார். வலப்பக்கம் கீழே தொடங்கி, மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குவார். அது பெருங்குடல் போகும் வழி என்பது, குடல் அறையில் இருந்ததால் எனக்குத் தெரியும். பார்த்து முடித்த பிறகுதான், "பசிக்குதா? வெளிக்கு எப்படிப் போகுது? தூக்கம் வருதா?" என்று கேட்பார். காதில் என்ன குரல் கேட்கிறது என்பது கடைசியில்தான் வரும். வந்துபோன பயிற்சி டாக்டர்கள் சிரிப்பார்கள். அவருக்குக் கோபம் வந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "ரொம்ப நன்றி." அதைக் கேட்டவன் அடுத்த வாரம் சிரிக்க மாட்டான்.

தீர்த்தம்மா என்று ஒரு பெண் மாதாமாதம் மாத்திரை வாங்க வருவாள். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அவளுக்குள் ஒருத்தி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மாத்திரையில் பேச்சின் சத்தம் குறையும், நிற்காது. எங்கள் முகாமுக்கு அவள் முதல் தடவை வந்த நாளில், டாக்டர் வழக்கம்போல அவள் வயிற்றில் கை வைத்தார். அவள் கூச்சத்தோடு சிரித்தாள்.

"அங்க இன்னா சார் தேடுறீங்க? எனக்கு அவ அங்க இல்ல. மேல கீறா."

"யாரும்மா?"

"அவதான் சார். கீழ கீறது எங்க அண்ணன் பொண்ணுக்கு. பூங்கொடிக்கு."

"கீழன்னா?"

"வயித்துல. ரத்தமா போவுது இல்ல?" ஊருக்கே தெரிந்த விஷயத்தை விசாரிக்கிறாரே என்பதுபோலப் பார்த்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சந்தை இரைச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. பலாப்பழம் விற்கிறவன் கத்திக்கொண்டிருந்தான்.  மத்தியானமே முகாமை முடித்துக்கொண்டு தீர்த்தம்மாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

சாமை அறுத்த காடுகளைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தோம். வெயில் இருந்தும் பனி முழுவதும் கலையவில்லை. மண்சுவர் வீடு ஒன்று, அதை ஒட்டித் தீர்த்தம்மாவுக்குத் தனியாக ஒரு குடிசை. அண்ணன் வெள்ளையன் வாசலில் வந்து நின்றார். மெலிந்த, நிதானமான மனிதர். அவருடைய மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் பூங்கொடி பிரசவத்துக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள், அவள் புருஷன் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தான்.

பூங்கொடி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உதட்டில் ரத்தமே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். போன சாமை விதைப்பிலிருந்து என்றாள். இப்போது அறுப்பே முடிந்திருந்தது.

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பதில் சொன்னார்.

"கீழ இருந்தா இருக்கட்டும் நர்சம்மா. வேல செய்யுது, நல்லாப் பேசுது, கொழந்தயப் பாத்துக்குது. மேல ஏறிட்டாத்தான் வம்பு. என் தங்கச்சியப் பாத்தீங்க இல்ல?"

பிறகு அவரே விளக்கினார். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அவருடைய தாத்தா காலத்தில் அந்த வீட்டுக்கு ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பேர் கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலரிடம் வந்து உட்காருவாள். சிலருக்குத் தலையில், சிலருக்கு வயிற்றில். ஒரே ஆளிடம் இரண்டு இடத்திலும் உட்கார மாட்டாள். அவருடைய சித்தப்பா ரத்தமாகப் போய்ச் செத்தார். அத்தை காட்டுக்குள் நடந்து போனவள் திரும்பவில்லை. அந்த வீட்டில் யாராவது சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் மற்றவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மேலயா, கீழயா?"

அவள் எங்கே வருவாள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழியும் வைத்திருந்தார்கள். குழந்தைக்கு முதல் மொட்டை போடுகிற நாளில், அதைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் கொஞ்சம் சாமை, தொப்புளில் கொஞ்சம் சாமை வைப்பார்கள். அம்மா குழந்தையின் கண்ணைக் கையால் மூடிக்கொள்வாள். ஒரு வெள்ளைக் கோழியை விடுவார்கள். அது முதலில் கொத்துகிற இடம்தான் அவளுடைய இடம். அந்த மலையில் வேறு எந்த வீட்டிலும் நான் இதைக் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே இவர்களிடம் பெண் எடுக்கத் தயங்கினார்கள்.

"இந்தக் கொழந்தைக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"இன்னும் மொட்டை போடலீங்க" என்றாள் பூங்கொடி.

டாக்டர் வாதாடவில்லை. பூங்கொடியின் கீழ் இமையை விரலால் இழுத்து அப்பாவுக்குக் காட்டினார். உள்ளே காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. குழந்தையின் இமையையும் இழுத்துக் காட்டினார். சிவந்திருந்தது. "இந்தக் கலர்ல இருக்கணும் பெரியவரே. உங்க பொண்ணு உடம்புல ரத்தம் தீரப் போவுது" என்றார். வெள்ளையன் கொஞ்ச நேரம் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய் மகளுடைய துணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

மலைக்குக் கீழே, நான் முன்பு வேலை பார்த்த அதே அறையில் அவளுக்குப் பரிசோதனை நடந்தது. குடல் டாக்டரிடம் கேட்டு நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். திரையில் நரம்பே தெரியவில்லை. பெருங்குடல் முழுக்கப் புண். ரத்தம் ஏற்றி, ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பூங்கொடி என்னிடம் கேட்டாள், "அக்கா, இதப் போட்டா அவ எறங்கிப் போவாளா, ஏறிப் போவாளா?"

"கழுவி வெளியே போயிடுவா. போடு" என்றேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

டாக்டர் தயாளனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சிஸ்டர், இந்த மாத்திரை சில பேருக்கு மனசைக் கலைச்சிடும். அவங்க வீட்ல ஏற்கெனவே மனநோய் இருக்கு. வயித்தைக் குடல் டாக்டர் பாத்துப்பார். நீங்க தூக்கத்தைப் பாருங்க" என்றார்.

ரத்தம் நின்றது. முகத்தில் களை வந்தது. எந்த மாத்திரையை எப்படிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம்.

அதற்கடுத்த சந்தை நாளில் அவளைப் பார்த்தேன். நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் தலையை லேசாகச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். கை கொதித்தது. கண்கள் அளவுக்கு மீறிப் பளபளத்தன.

"அக்கா, வயிறு சுத்தமா நல்லாயிடுச்சு. ஏறிட்டா."

அந்த "ஏறிட்டா" என்ற வார்த்தையை அவள் சொன்ன சந்தோஷம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பஸ் பிடித்து வந்துசேர்ந்த உறவுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் உடனே பார்த்தார். குடல் டாக்டரோடு போனில் பேசி ஸ்டீராய்டைக் கொஞ்சம் வேகமாகக் குறைக்கச் சொன்னார், குடலுக்கு வேறு மாத்திரை சேர்த்தார், மனசுக்கும் தூக்கத்துக்கும் ஒன்று எழுதினார். "இது மாத்திரையால வந்தது. சரியாயிடும்" என்று வெள்ளையனிடம் விளக்கினார். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தலையாட்டினார். எதிர்த்துப் பேசியிருந்தால் நான் சுதாரித்திருப்பேன். தலையாட்டுகிற ஆளை என்ன செய்ய முடியும்?

அடுத்த வாரம் தீர்த்தம்மா மட்டும் வந்தாள். எப்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும் பெண். அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, உடம்புக்கு முடியலையா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல நர்சம்மா. வூட்டக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி கீது." சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை வருடம் அவளைத் தூங்கவிடாமல் அடித்த குரல். அது போனதற்கு அவள் அழுதாள்.

போன மாதம் டாக்டர் அவளுக்கு மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார். அதனால்தான் நின்றது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் கண் வாசல் பக்கம் பூங்கொடியைத் தேடியது.

"பூங்கொடி எங்க?"

"வூட்ல. அண்ணன் எல்லா மாத்திரையும் கெணத்துல கொட்டிட்டாரு. அவள மறுபடியும் கீழ எறக்கணுமாம்."

டாக்டர் அவசரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டுவிட்டுப் பட்டென்று நிறுத்தினால் உடம்பு அதைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும். ரத்த அழுத்தம் விழும், ஆள் போய்விடலாம். போகும்போதே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டோம்.

பூங்கொடி கட்டிலில் கிடந்தாள். வாந்தி எடுத்து எடுத்துக் களைத்திருந்தாள். நாடி நூல் போல ஓடியது. அந்த நிலையிலும் உதடுகள் அசைந்தன, யாருக்கோ "உம், உம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதே ஊசி போட வேண்டும், கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். வெள்ளையன் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அவர் கையில் பேத்தி இருந்தாள்.

"முடியாது சார்."

"உங்க பொண்ணு செத்துடுவா."

"தெரியும் சார்." அவர் குரல் உடைந்தது. "கீழயும் மருந்து வெக்கிறீங்க, மேலயும் மருந்து வெக்கிறீங்க. ரெண்டு எடத்துலயும் மருந்து வெச்சா அவ எங்க போவா? இந்த வூட்ல மிச்சம் இன்னா கீது?" குழந்தையைக் காட்டினார். "இதுக்கு இன்னும் எடம்கூடக் குறிக்கல. எங்க வேணா பூந்துடுவா. நான் பொண்ணப் பாப்பனா, இதப் பாப்பனா?"

அந்த மனிதரை முட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் பெற்ற மகளைச் சாகக் கொடுத்துப் பேத்தியைக் காப்பாற்ற நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"போக்கிடம்தானே வேணும்? என்கிட்ட வரட்டும்" என்றேன். "எனக்குப் புள்ள கிடையாது, பேரன் பேத்தி கிடையாது. என்னோட முடிஞ்சுது. வழியை விடுங்க."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையன் என் முகத்தையே பார்த்தார். சந்தையில் மாடு வாங்குகிறவன் பார்க்கிற பார்வை அது, நம்பலாமா என்று.

"மேலயா, கீழயா?" என்றார்.

 எத்தனையோ பேருடைய தலைக்கும் வயிற்றுக்கும் ஊழியம் செய்தவள். எனக்கென்று கேட்டதும் இரண்டையும் கைவிட மனசில்லை.

"வாயால சொன்னா பத்தாது" என்று அவரே சொன்னார். தீர்த்தம்மா பாயைக் கொண்டுவந்து விரித்தாள்.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டார், அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டோடு அந்த வீட்டு மண் தரையில் மல்லாக்கப் படுத்தேன். வெள்ளையன் என் நெற்றியில் சாமையை வைத்தார். கோட்டுக்கு மேல் வயிற்றில் ஒரு பிடி வைத்தார். கண்ணை மூட எனக்கு யாரும் இல்லை, நானே மூடிக்கொண்டேன். பிறகு முடியாமல் திறந்தேன்.

கதவோரத்தில் விட்ட வெள்ளைக் கோழி வந்தது. வேகமில்லை. என் கால் பக்கம் வந்து நின்றது, புடவை ஓரத்தைக் கொத்தியது, பிறகு மேலே ஏறியது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதன் கால்விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. வயிற்றைத் தாண்டி மார்பு வரைக்கும் வந்து நின்றது. ஒரு கண்ணால் என் முகத்தைப் பார்த்தது. அது தலையைத் திருப்பி மற்ற கண்ணால் பார்த்தபோது நான் மூச்சை நிறுத்தினேன். வேண்டாம், அங்கே வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நான், கோழியிடம்.

அது திரும்பிப் போய் வயிற்றில் கொத்தியது.

"கீழ" என்றார் வெள்ளையன். எல்லோரும் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். அதே நேரத்தில் கட்டிலில் பூங்கொடியின் முனகல் நின்றது. "போய்ட்டா" என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எழுந்து பார்த்தால் டாக்டர் அவள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊசி போடலாமா என்று அவர் அவளிடம் காதோடு கேட்டிருக்கிறார், அவள் கையை நீட்டியிருக்கிறாள், ஊசி போயிருக்கிறது. விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்குகிற ஊசி அது. அவ்வளவு சீக்கிரம் யாருடைய பேச்சையும் அது நிறுத்தாது. பிறகு பேச்சு எப்படி நின்றது என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

ஆம்புலன்சுக்கு வெள்ளையனே மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஜீப் பின்னால் போனது. மலை இறங்கி முடிந்ததும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரொம்ப நன்றி, சிஸ்டர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச தூரம் போனதும் சேர்த்துச் சொன்னார், "நெத்தியில கொத்தியிருந்தா என்கிட்டதான் வைத்தியத்துக்கு வந்திருப்பீங்க." அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பூங்கொடி பிழைத்தாள். மனசு தெளிய நாளானது. ஸ்டீராய்டு முழுக்க நின்றபின் மனசுக்கான மாத்திரையும் மெல்ல மெல்ல நின்றது, குடலுக்கான மாத்திரை மட்டும் தொடர்ந்தது. பிறகு அவள் புருஷனோடு கேரளாவுக்கே போனாள். குழந்தை நித்யா தாத்தாவிடம் வளர்ந்தாள். அவளுக்கு மொட்டை போட்டபோது கோழி விடவில்லை. தேவை இல்லையே, இடம்தான் என் வயிற்றில் இருக்கிறதே!

வெள்ளையன் அதற்கப்புறம் சந்தை நாள் தவறாமல் முகாமுக்கு வருவார். தங்கைக்கு மாத்திரை வாங்குவார். போகும்போது கொஞ்சம் தேனோ புளியோ வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டில் விசாரிப்பதுபோல, "கீழ நல்லா கீறாளா நர்சம்மா?" என்று கேட்பார். "நல்லா கீறா" என்பேன். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வயிறு கடமுடா என்றால் கேலிதான். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது என் வயிற்றின் மேல் கை வைத்து, வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் வரை ஒரு தடவை தடவிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

டாக்டர் தயாளன் ஓய்வு பெற்றபின் வந்த இளம் டாக்டரம்மாதான் எனக்கு அந்த ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொன்னார். சில மனநோய்களுக்கும் இந்தக் குடல் அழற்சி நோய்க்கும் மரபணுவில் சில பங்காளித் துண்டுகள் இருக்கின்றனவாம். ஒரே துண்டு ஒருவரை மனநோய்ப் பக்கம் கொஞ்சம் சாய்க்கலாம், இன்னொருவரைக் குடல் பக்கம். இருக்கிற எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை, ஒன்று வந்தால் மற்றது வராது என்பதும் இல்லை. "அந்தக் குடும்பத்துக்கும் இதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன் சிஸ்டர், ஆனா இருக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் பேசியதில் ஒரு இடம் மட்டும் மனசில் தைத்தது. அந்தத் துண்டுகள் பிறக்கும்போதே கூட வருகிறவை. யாரும் வாங்கிக்கொள்ளவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பாயில் படுத்து நான் வாங்கியது ஒன்றுமே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

கல்லூரிக் கூட்டம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு காலை நேரத்தில் என் வீட்டு வாசலில் வெள்ளையன் நின்றுகொண்டிருந்தார். நன்றாகக் கிழடு தட்டிவிட்டது. மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். பின்னால் நித்யா, பன்னிரண்டாவது படிக்கிற பெண், பள்ளிக்கூடப் பையை முன்பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்துச்சு ஆன்ட்டி" என்றாள். "உடனே தாத்தாகிட்ட சொல்லிட்டேன். அம்மாவுக்கும் போன் பண்ணியாச்சு, கெளம்பிட்டாங்க."

அவள் அம்மா விதைப்பிலிருந்து அறுப்பு வரை வைத்தியம் பார்க்காமல் வைத்திருந்ததை இவள் ஒரே நாளில் கொண்டுவந்துவிட்டாள். இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது. ஆரம்பம்தான், அம்மாவுடைய நோயாகவே இருந்தாலும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம், படிப்பு கெடாது என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. பாடத்தில் மரபணு படித்த பெண். என்னைவிட அவளுக்கு விஷயம் அதிகம் தெரிந்திருக்கும்.

வெள்ளையன் மட்டும் உட்காரவில்லை. கோபமும் இல்லை அவரிடம். கையை நீட்டி, என் வயிற்றைத் தொடாமல், அதற்கு நேராக வைத்துக் காட்டிக் கேட்டார்.

"உங்கள விட்டு எப்பம்மா போனா?"

ஆராய்ச்சி சொன்னதெல்லாம் வாய் வரை வந்தது. என்னிடம் அவள் எப்போதுமே இல்லை பெரியவரே என்று சொன்னால், அவர் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கிய தூக்கம் முழுவதும் பொய்யாகிவிடும். நித்யா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தாள்.

"நேத்துதான் அய்யா" என்றேன். "நல்லவேளை, உடனே வந்துட்டீங்க."

அவர் பெருமூச்சு விட்டு, "அதுவரைக்கும் வெச்சிருந்தீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவர்களை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, நானும் கூடப் போக வீட்டைப் பூட்டத் திரும்பி வந்தேன். எவ்வளவோ வருடமாகத் தனியாக இருக்கிற வீடுதான் அது. உள்ளே யாரும் இல்லை என்பது அன்றுதான் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.